அஞ்செட்டி மலைத்தோட்டத்துக்கு ஃபோர் வீல்: பழைய எம்.எம்.540-ஆ, ஜிப்ஸியா, புதுசா?

மாந்தோப்பு_அஞ்செட்டி

எல்லாருக்கும் வணக்கம். அஞ்செட்டி – நாட்றாம்பாளையம் தார் ரோட்டை விட்டு இறங்கினா தோட்டத்துக்கு 3 கிலோமீட்டர் மண் தடம். நடுவுல ஒரு ஓடை, ஐப்பசி மழையில முழங்கால் தண்ணி ஓடும். ஓடை தாண்டினதும் சுமார் 60 அடி நீளத்துக்கு நல்ல ஏத்தம், பூரா உருண்டைக் கல்லு. மீதி செம்மண். பட்டா நிலம், பொதுத் தடம்தான், காட்டுக்குள்ள போற வேலை இல்லை.

நாலு ஆளு, எட்டுப் பத்து மாங்கா கிரேட், எப்பவாவது ஒரு மோட்டார் பம்பு. மாசம் 400 கிலோமீட்டருக்கு மேல ஓடாது. மூணு யோசனை இருக்கு: 1992 மஹிந்திரா எம்.எம்.540 டீசல் ஜீப் ஒண்ணு விலைக்கு வருது, 2005 மாருதி ஜிப்ஸி கிங் ஒண்ணு வருது, இல்லைன்னா லோன் போட்டு புது மஹிந்திரா தார், இல்லாட்டி மாருதி ஜிம்னி. எதை எடுத்தா எதுல வேலை வைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிராக்டர்_கட்சி

வீட்ல டிராக்டர் இருக்கா? இருந்தா ஒரு டிரெய்லர் வாங்கிப் போட்டுட்டுப் படுத்துத் தூங்குங்க.

பழைய_பானட்

டிராக்டரில் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது அண்ணே. கேள்விக்கு வருவோம்.

தம்பி, "எம்.எம்.540" என்று விற்பவர் சொன்னதும் நம்பிவிடாதீர்கள். நம் பக்கம் பழைய ஜீப் என்று நிற்பதில் பாதி எது எதோ கலந்தது. அதனால் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருப்பது பேரத்துக்கே உதவும்.

மூலம், 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்குப் போன வில்லிஸ் எம்.பி. 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 60 குதிரைத்திறன், 80 அங்குல வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம்). முதல் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது பேன்டம் என்கிற சின்ன கம்பெனி. பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடிந்ததும் அதே வண்டியை விவசாயிக்கு என்று சி.ஜே. வரிசையில் கொண்டுவந்தார்கள். இங்கே மஹிந்திரா 1945-ல் தொடங்கிய கம்பெனி, அப்போது பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பங்காளி குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போய் நிதியமைச்சர் ஆனார், 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. வில்லிஸ் வண்டிகளை உதிரியாக இறக்கிப் பூட்டி விற்றதுதான் அவர்களுடைய ஆரம்பம்.

நம்மூரில் அதிகம் பார்ப்பது சி.ஜே.3பி. பானட் மேடாக, கொஞ்சம் முறைத்த மாதிரி இருக்கும். அழகுக்காக இல்லை: 1953-ல் வந்த அந்த ஹரிக்கேன் என்ஜினில் உள்ளிழுக்கும் வால்வு ஹெட்டிலும் வெளியேற்றும் வால்வு பிளாக்கிலும் இருந்தன. என்ஜின் உயரமானது, பானட்டைத் தூக்கினார்கள், அவ்வளவுதான்.

டீசலில் மூன்று குடும்பம். ஒன்று, டிராக்டர் வம்சம்: 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து மஹிந்திரா டிராக்டர் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வந்தது எம்.டி.2350. அதன் பின்வாரிசு எம்.டி.ஐ.3200, 2523 சி.சி., நேரடி டீசல் பீச்சல். இரண்டாவது, பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90. அந்த எண்ணுக்கு அர்த்தம் 4 சிலிண்டர், 90 மி.மீ. சிலிண்டர் விட்டம். 2112 சி.சி. அசல் எம்.எம்.540-ல் இருக்க வேண்டியது இதுதான். மூன்றாவது எக்ஸ்.டி.3.பி., 2498 சி.சி., எம்.எம்.550-க்கு உரியது. பெஜோ இரண்டும் சுழல் அறை வகை. குளிர் காலையில் ஹீட்டர் பிளக் சூடாகாமல் பிடிக்காது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் காலையில் கிளப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மதியம் ரெண்டு மணிக்குப் போய் "செல்ஃப் ஒரே அடியில எடுத்துச்சு" என்று மயங்கிவிட வேண்டாம்.

பானட்டைத் திறந்ததும் எந்த என்ஜின் என்று பாருங்கள். பிறகு ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் வண்டியில் மெட்டடோர் என்ஜினோ அம்பாசடர் இசுசு என்ஜினோ ஏற்றி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது.

ஓசூர்_லேத்

பானட் அண்ணா என்ஜினச் சொல்லிட்டாரு. என்ஜின் போனா வேற போட்டுக்கலாங்க, அதுக்குக் கீழ இருக்கிறதுதான் காசைத் தின்னும். போறப்ப ஒரு ஜாக்கி, ஒரு சின்ன சுத்தியல், டார்ச், பழைய துணி எடுத்துட்டுப் போங்க.

முதல்ல செஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம். பின்பக்க ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டை தொங்குற கொக்கி) மாட்டுற இடம், கடைசி குறுக்குச் சட்டம், பாடி போல்ட்டு உக்கார்ற இடங்க. சுத்தியல்ல லேசாத் தட்டிட்டே வாங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும். துரு தின்ன இடம் தொப்பு தொப்புன்னு கேக்கும், பட்டி அடிச்சு பெயின்ட் போட்ட இடமும் அதே மாதிரிதான். புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்ச செஸ்ஸைப் பாத்தா ரெண்டு மடங்கு தட்டுங்க.

அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கில தூக்குங்க. மேலயும் கீழயும் கை வெச்சு உள்ள வெளிய ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை உள்ள உக்கார வெச்சு பிரேக்கை அமுக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் அமுக்கினதும் ஆட்டம் நின்னா அது வீல் பேரிங். ஹப் நட்டு டைட் பண்ணினாலே சரியாகலாம். பிரேக் அமுக்கியும் ஆடுதுன்னா கிங் பின் (முன் சக்கரம் திரும்புற அச்சு) பேரிங். ஷிம் கழட்டி டைட் வைக்கலாம், பேரிங் தேஞ்சு குழி விழுந்திருந்தா மாத்தித்தான் ஆகணும். 50, 60 வேகத்துல ஒரு குழில இறங்கி ஏறினதும் ஸ்டியரிங் உதறி கையை விட்டுப் போறது பெரும்பாலும் இங்கிருந்துதான். டை ராட் எண்டை மட்டும் மாத்திட்டு "சரி பண்ணிட்டோம்"னு சொல்வாங்க, ஒரு மாசம் நிக்கும்.

பின் ஆக்சில்ல டேப்பர் ஷாஃப்ட், சாவி (ஷாஃப்டையும் ஹப்பையும் பூட்டுற சின்ன இரும்புத் துண்டு) வெச்ச ஹப் வர்ற வண்டியா இருந்தா அந்த நட்டைப் பாருங்க. 200 நியூட்டன் மீட்டருக்குக் குறையாம இறுக்கணும். காட்டர் பின் ஓட்டை ஒத்து வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கி ஒத்துக்கணும், தளர்த்தி ஒத்துக்கக் கூடாது. தளர்வா ஓடினா சாவி வெட்டிரும். என்ஜின் சுத்தும், ஷாஃப்ட் சுத்தும், வண்டி மட்டும் நிக்கும்.

அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ், சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிச்சு அனுப்புற பெட்டி. பழைய ஸ்பைசர் 18 வகை, கியர் பாக்ஸ் பின்னாடியே ஒட்டி உக்காந்திருக்கும். நடுவுல ஒரு ஆயில் சீல். அது போச்சுன்னா கியர் பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஓடிரும். வெளிய ஒரு சொட்டு ஒழுகாது! ஆயில் ஊத்துற ரெண்டு ஃபில்லர் நட்டையும் கழட்டி விரல் விட்டுப் பாருங்க. ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஆயில் நிக்கணும். ஒண்ணுல விரலுக்கு எட்டலை, இன்னொண்ணுல திறந்ததும் வழியுதுன்னா சீல் போயிருச்சு.

இன்னொண்ணு: எந்த பாக்ஸா இருந்தாலும் முதல்ல ஃபில்லர் நட்டு கழலுதான்னு பாத்துட்டுத்தான் டிரெயின் நட்டைத் தொடணும். எல்லா ஆயிலையும் கீழ விட்டுட்டு, மேல நட்டு சிக்கிக்கிச்சுன்னா வண்டியை அங்கேயே விட்டுட்டு வர வேண்டியதுதான்.

ஜிப்ஸி_பைத்தியம்

தோட்ட வேலைக்கு எம்.எம்.540 எடுத்தா மாசத்துல 20 நாள் தோட்டம், 10 நாள் லேத். லேத் நண்பர் கோவிச்சுக்கக் கூடாது.

ஜிப்ஸி 1985 டிசம்பர்ல வந்தது. முதல்ல 970 சி.சி., 1996-ல ஜிப்ஸி கிங்ல 1298 சி.சி., 2000-ல எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீச்சுற வகை) என்ஜின், 80 குதிரை. நீங்க பாக்குற 2005 வண்டி அந்தக் கடைசி வகை, கார்புரேட்டர் தொல்லை கிடையாது. ராணுவமும் போலீஸும் வருஷக்கணக்கா வாங்கின வண்டிங்கிறதால சாமான் இன்னும் கிடைக்குது. எடை ஒரு டன்னை ஒட்டித்தான். நாலு ஆளு சேந்து தள்ளினா நகரும், இது சேத்துல எவ்வளவு பெரிய விஷயம்னு மாட்டினவங்களுக்குத் தெரியும்.

இதுலயும் பாக்க வேண்டியது இருக்கு. டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸை விட்டுத் தனியா, ரப்பர் மவுன்ட்ல தொங்கும். மூணு ரப்பர். கிழிஞ்சிருந்தா ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது அடியில 'டொக்'னு ஒரு அடி, லீவர் தனியா நடுங்கும். ரப்பர்தானேன்னு விட்டா புராப்பலர் ஷாஃப்ட் கோணம் மாறி கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு) தேய ஆரம்பிக்கும். முன் ஆக்சில்ல நக்கிள் உருண்டையச் சுத்தி கிரீஸ் வழிஞ்சு மண் ஒட்டியிருந்தா சீல் போச்சு, உள்ள கிங் பின் பேரிங்ல மண் போயிருக்கும். லேத் சொன்ன பிரேக் சோதனை இதுக்கும் அப்படியே பொருந்தும்.

ஆயில் அளவு எழுதி வெச்சுக்குங்க: கியர் பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8, முன் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவுல ரெண்டு சக்கரத்துக்கும் சக்தி பிரிக்கிற கியர் உருண்டை) 2, பின் டிஃபரன்ஷியல் 1.5.

குறை? நாலு பக்கமும் ஸ்பிரிங் பட்டை, காலி வண்டில முதுகெலும்பு எண்ணலாம். பெட்ரோல் குடிக்கும். பின்னாடி உக்கார்றவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே வரணும்.

மாந்தோப்பு_அஞ்செட்டி

லேத் அண்ணா, கியர் பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே 90 ஆயில் ஊத்தலாமா? கடையில எல்லாத்துக்கும் ஒரே டின்னைத்தான் தர்றாங்க.

ஓசூர்_லேத்

டின்மேல ஜி.எல்.4-ஆ, ஜி.எல்.5-ஆன்னு பாருங்க. டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.5. பித்தளை சிங்க்ரோ வளையம் இருக்கிற பழைய கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4. ஜி.எல்.5-ல கந்தக மருந்து அதிகம், பித்தளைய அரிக்கும். ஒரே நாள்ல ஒண்ணும் ஆகாது, ரெண்டு வருஷம் கழிச்சு செகண்ட் கியர் கரகரக்கும்.

புதுவண்டி_பாலக்கோடு

பழசைப் பேசுறவங்க பேசட்டும். லோன் போடுற யோசனை இருக்கிறதால புதுசைப் பத்தியும் சரியான அளவோட பேசிக்கலாம்.

இப்போதைய மூணு கதவுத் தார் 2020 அக்டோபர் 2-ல வந்தது. பழைய 2010 தாருக்கும் இதுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு. பழசுல முன்னாடி டார்ஷன் பார், பின்னாடி ஸ்பிரிங் பட்டை. புதுசுல பின்னாடி காயில் ஸ்பிரிங், மல்டி லிங்க். 2.2 டீசல் 130 குதிரை, 2.0 டர்போ பெட்ரோல் 150. லோ ரேஞ்ச் (மெதுவா, கூட இழுவையோட ஏற உதவுற கியர் வரிசை) 2.48. நுழைகோணம் (முன்பக்கம் இடிக்காம ஏறக்கூடிய சரிவு) 41.8 டிகிரி, வெளியேறும் கோணம் 36.8, நடுவயிறு தட்டாம தாண்டுற கோணம் 27. தண்ணி 650 மி.மீ. வரைக்கும்னு கம்பெனி சொல்றாங்க. ஜாக்கிரதை: 2023 ஜனவரியில இருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விக்கிறாங்க. வெளியில இருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. உள்ள ரெண்டாவது லீவர் இல்லைன்னா உங்க ஓடைக்கு அது வேண்டாம்.

ஜிம்னி ஐஞ்சு கதவு 2023 ஜூன்ல வந்தது. 1.5 பெட்ரோல், 105 குதிரை, 1200 கிலோ. லோ ரேஞ்ச் உண்டு, முன்னும் பின்னும் ஒரே உருட்டு ஆக்சில். ஜிப்ஸியோட பேரன்னு சொல்லலாம், ஆனா வீல்பேஸ் 2590 மி.மீ., தாருக்கு 2450. நீளம் கூடினதால நடுவயிறு கோணம் 24 டிகிரிதான். ஓடைக் கரை சட்டுனு உடைஞ்சு இறங்குற மாதிரி இருந்தா அந்த 3 டிகிரி கணக்குக்கு வரும்.

அதனால முதல்ல தடத்தை அளங்க. ரெண்டு மீட்டர் பலகை ஒண்ணை ஏத்தத்துல படுக்க வெச்சு மேல செல்ஃபோன வைங்க, மட்டம் பாக்குற ஆப் டிகிரி சொல்லிரும். ஏத்தத்தோட சரிவு, அது தொடங்குற முனை, கரை உடையுற முனை, மூணையும் குறிச்சுக்குங்க. கண்ணுக்கு 45 டிகிரி மாதிரி தெரியுற மேடு பலகையில 20-தான் காட்டும்.

டீசல்ல பி.எஸ்.6 எடுத்தா ஒரு விஷயம். புகைபோக்கியில கரி பிடிக்கிற வடிகட்டி இருக்கு. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிட்டு இருந்தா என்ஜின் சூடேறாது, கரி எரியாது, டேஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு எரிஞ்சதும் கிருஷ்ணகிரி – தருமபுரி நாலுவழிச் சாலையில அரை மணி நேரம் ஒரே வேகத்துல விடுங்க. அதை விட்டுட்டு விளக்கோடயே ஓட்டினா ஒர்க் ஷாப் கம்ப்யூட்டர்தான் கதி. மாசம் 400 கிலோமீட்டருக்கு பெட்ரோலே போதும்ங்கிறது என் கணக்கு.

பழைய_பானட்

ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்கா ஜீப்பை விட்டுவிட்டீர்களே. இந்த விலைக்கு முன்னும் பின்னும் இரண்டு டிஃபரன்ஷியல் லாக்கும் கையால் போடுகிற மாதிரி கம்பெனியிலிருந்தே வருவது அது ஒன்றுதான். 2.6 லிட்டர் என்ஜினின் வேர் பென்ஸின் ஓ.எம்.616 டீசல் என்ஜின். 2024 முதல் 140 குதிரை. தண்ணீர் 700 மி.மீ.

ஜிப்ஸி_பைத்தியம்

மாங்கா கிரேட் ஏத்த ரெண்டு லாக்கா? விட்டா வின்ச்சும் கேப்பீங்க.

பழைய_பானட்

உருண்டைக்கல் ஏற்றம் என்று அவர்தானே எழுதியிருக்கிறார். ஒரு சக்கரம் கல்லை விட்டு மேலே தொங்கினால், சாதாரண டிஃபரன்ஷியல் சக்தியை அந்தத் தொங்குகிற சக்கரத்துக்கே அனுப்பும். தரையில் இருப்பது நிற்கும். ஃபோர் வீல் போட்டும் வண்டி நகராமல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சும்மா சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கும் இடத்தில் அதுதான் நடக்கும்.

இதற்கு மூன்று மருந்து. ஜிம்னியில் சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் தானே பிடிக்கும். 2015-க்குப் பின் வந்த பழைய தாரில் பின்னால் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர், ரெண்டு பின் சக்கரத்துக்கும் சுற்று வேறுபாடு நிமிடத்துக்கு 100 அளவுக்குப் போனதும் 'டக்' என்று தானே பூட்டும். கூர்க்காவில் கையால் போடுவது. முதல் இரண்டிலும் பழக வேண்டியது ஒன்று: சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிட்டால் அந்த ஏற்பாடு வேலையே செய்யாது. மெல்ல, விடாமல் மிதித்திருக்க வேண்டும். இரண்டு நொடியில் பிடிக்கும். கையால் போடும் லாக்கில் முதலில் பின், அதுவும் போதாவிட்டால்தான் முன். முன் லாக் போட்டதும் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும்.

எந்த லாக்கும் இல்லாத 540-லும் ஜிப்ஸியிலும்? தடத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு பாண்டு கல்லைக் குழியில் நிரப்பினால் லாக்கர் விலை மிச்சம்.

டிராக்டர்_கட்சி

கடைசி வரிதான் சரியான வரி.

தொப்பூர்_இறக்கம்

வண்டி எதுவானாலும் ஓட்டுற முறை ஒண்ணுதான், அதை நான் எழுதுறேன்.

தார் ரோட்டுல ஃபோர் வீல் போடாதீங்க. நீங்க சொன்ன எல்லா வண்டியிலும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே சுற்றுல பூட்டிக்கும். திரும்பும்போது முன் சக்கரம் கூட தூரம் போகணும், மண்ணுல அது சறுக்கிச் சமாளிச்சுக்கும். தார் ரோட்டுல சறுக்காது, ஷாஃப்ட் முறுக்கேறும். அப்புறம் லீவர் வெளிய வராது. உதைக்காதீங்க. நேரா ரெண்டு மூணு மீட்டர் ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விட்டு லீவர் தானா வரும். ரெண்டு லீவர் உள்ள பழைய ஜீப்ல முன் ஆக்சிலை முதல்ல போட்டாத்தான் லோ விழும், அது பழுது இல்லை.

காத்து. தார் ரோட்டுல ஓட்டுற அழுத்தத்தோட உருண்டைக்கல்லு ஏறினா டயர் பந்து மாதிரி துள்ளும். 20 – 22 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்க. ஆத்து மணல்ல 18. 15-க்குக் கீழ போனா டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழலும். பர்கூர் பக்கம் குவாரித் தடத்துல மட்டும் இறக்காதீங்க, உடைச்ச கிரானைட் சில்லு பக்கச்சுவரை பிளேடு மாதிரி கிழிக்கும், பக்கச்சுவர் கிழிஞ்சா பஞ்சர் ஒட்ட முடியாது. திரும்ப தார் ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி காத்து ஏத்தியே ஆகணும். கம்ப்ரஸர் பேட்டரியில நேரா கிளிப் மாட்டுற வகையா வாங்குங்க. சிகரெட் சாக்கெட்ல குத்துறது பெரிய டயருக்கு ஃபியூஸைத்தான் எரிக்கும்.

ஏத்தம்: கீழ நிக்கும்போதே லோ, ரெண்டாவது கியர். நடுவுல கிளட்ச் மிதிக்கக் கூடாது. முடியலைன்னா வண்டியைத் திருப்பப் பாக்காதீங்க, குறுக்க நின்னா உருளும். பிரேக் பிடிச்சு, ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுசா விட்டு, நேரா பின்னால இறங்குங்க. இறக்கத்துல லோ ஃபர்ஸ்ட், கால் ரெண்டும் பெடலை விட்டு வண்டித் தரையில. தொப்பூர்ல லாரிக்காரங்களுக்கு எழுதி வெச்சிருக்கிறது ஜீப்புக்கும் உண்டு: நியூட்ரல்ல விட்டா பிரேக் டிரம் காயும், ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்துங்க, அது தண்ணிய உறிஞ்சுற சமாச்சாரம்.

ஓடை: இறங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆளு குச்சியோட நடந்து பாக்கணும். நடக்க முடியாத இழுப்புல வண்டியும் போகாது. பழைய ஜீப்ல ஃபேன் பெல்டைக் கழட்டிருங்க, இல்லைன்னா ஃபேன் தண்ணிய அள்ளி என்ஜின் மேல அடிக்கும், சமயத்துல ரேடியேட்டரையே கிழிக்கும். லோ ஃபர்ஸ்ட், நடக்கிற வேகம், முன்னாடி ஒரு அலை ஓடணும், அதுக்குப் பின்னாலயே போகணும். நடுவுல நின்னுட்டா உடனே செல்ஃப் அடிக்காதீங்க. டீசல் சிலிண்டர்ல தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளையும். முதல்ல ஏர் ஃபில்டரைத் திறந்து நனைஞ்சிருக்கான்னு பாருங்க.

கரை ஏறினதும் முடிஞ்சிடாது. சூடான டிஃபரன்ஷியல் தண்ணியில இறங்கினதும் குளிர்ந்து காத்தை உள்ள இழுக்கும். மூச்சு விடுற நட்டு அடைச்சிருந்தா ஆயில் சீல் வழியா தண்ணியையே இழுக்கும். மறுநாள் டிரெயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. மோர் மாதிரி வந்தா மொத்தமும் மாத்துங்க. மூச்சு நட்டுல ஒரு ரப்பர் குழாய் மாட்டி என்ஜின் ரூம் உயரத்துக்குக் கொண்டு போயிட்டா இந்த வேலையே இல்லை.

ஆர்சி_புக்

காகித வேலை யாரும் எழுதலை.

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். 1992 வண்டின்னா 2007-லிருந்து ஒவ்வொரு புதுப்பித்தலும் நடந்திருக்கான்னு பாருங்க. விட்டுப் போயிருந்தா அபராதம் யார் தலையிலன்னு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பேசிருங்க. செஸ் நம்பரை பென்சில் அச்சு எடுத்து ஆர்.சி.யோட எழுத்தெழுத்தா ஒப்பிடணும். என்ஜின் மாத்தின வண்டின்னா ஆர்.சி.யில என்ஜின் நம்பரும் எரிபொருளும் மாறியிருக்கணும். "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க"ன்னு சொன்னா நடையைக் கட்டுங்க.

டெல்லியில 10 வருஷம் தாண்டின பழைய டீசலுக்குக் கெடுபிடி இருக்கிறதால அங்கிருந்து வண்டிங்க மலிவா தெற்க வருது. தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி, மறுபதிவு, மூணையும் விலையில கூட்டிப் பாருங்க.

மாற்றங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிருச்சு. 182ஏ(4)-படி மாத்தின உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். இரும்பு புல் பார் 2017 டிசம்பர்லயே தடை.

காட்டுக்குள்ள போகலைன்னு எழுதினது நல்லது. உங்களைச் சுத்தி இருக்கிறது 2014-ல அறிவிச்ச காவிரி வடக்கு சரணாலயம், 2022-ல காவிரி தெற்கும் சேந்திருச்சு. காப்புக்காட்டுல தடம் மாறி ஓட்டினா 1882 வனச்சட்டம், 1972 வன உயிரினச் சட்டம் ரெண்டும் பாயும். அந்தி சாஞ்சா யானை நடமாட்டம் வேற.

பழைய_பானட்

இன்னொன்று, நம் ஜில்லாவுக்கே உரியது. ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்குள்ள ஃபுளோரைடு தண்ணீருக்காக வந்ததுதான். அந்தத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். டீ போடுகிற பாத்திரத்தில் வெள்ளைப் படலம் பார்க்கிறீர்கள் அல்லவா, அதே படலம் ரேடியேட்டர் குழாயிலும் பிளாக்கின் தண்ணீர்ப் பாதையிலும் ஏறும். மட்ட ரோட்டில் தெரியாது. லோ கியரில் பத்து நிமிடம் ஏறினால் முள் மேலே போகும். பேட்டரித் தண்ணீரும் கூலண்டும் சரிபாதி.

டீசல் ஜீப் காலையில் நெடுநேரம் செல்ஃப் வாங்கினால் டீசல் பம்ப்பைப் பிரிக்கச் சொல்லுவார்கள். அதற்கு முன், டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் ஓர் அடி வெட்டி, டீசல் தாங்குகிற, உள்ளே தெரிகிற குழாயை மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்று பின்னாலிருந்து வருகிறது: கிளாம்ப், வாஷர், வெடித்த குழாய். சரிசெய்தபின் ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள், நுரை நின்று சுத்தமாக டீசல் வந்ததும் இறுக்குங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் இரண்டு இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்துக் காற்றை விடுங்கள், டீசல் துள்ளியதும் இறுக்குங்கள்.

மாந்தோப்பு_அஞ்செட்டி

ரெண்டு வண்டியும் சோதிச்சாச்சு. தடத்தையும் பலகை வெச்சு அளந்தாச்சு, ஏத்தம் 19 டிகிரி, கரை உடையுற இடம் 22.

ஜிப்ஸி: செஸ்ல பின் குறுக்குச் சட்டம் தொப்பு சத்தம், பட்டி. டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர் ரெண்டு கிழிஞ்சிருக்கு.

540: செஸ் முழுக்க கணீர். என்ஜின் பெஜோ 4.90, ஆர்.சி. நம்பரோட சரியா இருக்கு. 2022-ல புதுப்பிச்சிருக்காங்க. காலை 6 மணிக்கு ஹீட்டர் போட்டு ரெண்டாவது தடவை பிடிச்சது. முன் சக்கர ஆட்டம் பிரேக் அமுக்கினதும் நின்னுருச்சு. கியர் பாக்ஸ்ல விரலுக்கு ஆயில் எட்டலை, டிரான்ஸ்ஃபர் கேஸ் திறந்ததும் வழிஞ்சது. ஃபோர் வீல் விழுது, ஆனா செம்மண்ணுல 200 மீட்டர் ஓட்டிட்டு எடுத்தாக்கூட லீவர் வரலை. ரிவர்ஸ் எடுத்தா வருது, மறுபடி போட்டா மறுபடி சிக்குது. விக்கிறவர் "கியர் பல்லு ஒண்ணு போயிருக்கும், அதைக் கழிச்சுக்கலாம்"னு சொல்றாரு. டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிக்கணுமா?

ஓசூர்_லேத்

சீல் மாத்த எப்படியும் இறக்கணும். ஆனா பல்லு போயிருந்தா 'டக் டக்'னு சத்தம் கேட்டிருக்கும். டயர் நாலும் ஒரே மாதிரியா?

மாந்தோப்பு_அஞ்செட்டி

முன்னாடி ரெண்டும் புதுசு, பின்னாடி மொட்டை. அளவு நாலுலயும் 6.00-16-தான்.

தொப்பூர்_இறக்கம்

அளவு ஒண்ணா இருந்தா போதாது. நாலுலயும் காத்து சமமா வெச்சுட்டு, டயர் அடியில சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழு சுற்று உருட்டி, தரையில டேப் வெச்சு அளங்க.

மாந்தோப்பு_அஞ்செட்டி

முன் 2285 மி.மீ., பின் 2210.

தொப்பூர்_இறக்கம்

கிடைச்சிருச்சு. சுற்றுக்கு 75 மி.மீ. வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் போக முன் சக்கரம் 438 சுற்று, பின் சக்கரம் 452. டிரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டையும் ஒரே சுற்றுல பூட்டி வெச்சிருக்கு, மிச்சம் 14, 15 சுற்றும் முறுக்காத்தான் ஏறும். செம்மண் காஞ்சு இறுகினா தார் ரோடு மாதிரிதான், சறுக்க விடாது.

ஓசூர்_லேத்

பின்னாடி ரெண்டு டயரும் முன்னாடி இருக்கிற அதே பிராண்டு, அதே பூ. நடு சீல், வீல் பேரிங் நட்டு இறுக்கம், ரெண்டு பாக்ஸுக்கும் புது ஆயில், ஃபேன் பெல்டு. இறக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நடு ஷாஃப்டையும் ஊசி பேரிங்கையும் பாத்துருங்க, ஷாஃப்டுல நகம் தட்டினா ரெண்டையும் மாத்துங்க. பல்லு போச்சுன்னு அவரே கழிக்கிறேன்னு சொன்னாரில்ல, அந்தத் தொகையை முழுசா வாங்கிக்குங்க. டயரைப் பத்தி இப்போதைக்கு வாயைத் திறக்காதீங்க.

டிராக்டர்_கட்சி

ஓடைக்கரையில மாட்டினா சொல்லுங்க, டிராக்டர் கொண்டாறேன். பின் கொக்கியில கட்டுங்க, பம்பர்ல கட்டாதீங்க.